மாற்றமில்லை என்றார்கள்

எங்கள் தொழிலில் ‘மாற்றமில்லை’ என்பதைவிட இனிப்பான சொல் கிடையாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன்; தைத்து வருவதில் குறை இருந்தால் குறி போட்டுத் திருப்பி அனுப்புவது என் வேலை. வெளிநாட்டுக்கு அனுப்பிய சாம்பிள் ‘மாற்றமில்லை’ என்று திரும்பி வந்தால் ஆர்டர் உறுதி. அன்றைக்குத்தான் மேனேஜர் முகத்தில் பல் தெரியும். இருபது வருடமாக இதையே பார்த்துப் பழகிய மண்டை என்னுடையது.

அந்த மண்டையோடுதான் ஷேர் மார்க்கெட்டில் இறங்கினேன். கட்டிங்கில் வேலை செய்யும் என் தோஸ்த் செல்போனில் சொல்லிக்கொடுத்தான். நான் பிடித்துக்கொண்டது ஆப்ஷன் என்கிற சமாச்சாரத்தை. மார்க்கெட் ஏறும் என்று பணம் கட்டலாம். கெடு நாளுக்குள் ஏறினால் பல மடங்கு, இறங்கினால் கட்டியது காலி. சின்னச் சின்னதாக நான்கைந்து முறை ஜெயித்தேன். அதற்குள் பெரிய புலி என்ற நினைப்பு வந்துவிட்டது.

என் மனைவி இதே கம்பெனியில் பதினாறு வருடம் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள். முதுகு வலி தாங்காமல் நின்றாள். அவளுடைய பி.எஃப். பணம் வந்தது. பேரணாம்பட்டில் ஒருவர் பழைய தையல் மெஷின் விற்கிறார், அதை வாங்கினால் வலிக்கிறபோது படுத்து எழுந்து வீட்டிலேயே ஜாப் ஒர்க் செய்யலாம் என்பது அவள் ஆசை. மெஷின்காரர் பத்து நாள் பொறுக்கச் சொன்னார். அந்தப் பத்து நாளைக்குப் பணத்தை என்னிடம் நம்பிக் கொடுத்தாள்.

அந்த வாரம்தான் மத்திய வங்கி வட்டியைப் பற்றி அறிவிக்க இருந்தது. குறைப்பார்கள், குறைப்பார்கள் என்று டிவியில் கோட் போட்டவர்கள் ஓயாமல் பேசினார்கள். விலைவாசி இருக்கிற இருப்பில் எங்கே குறைக்கப் போகிறார்கள், மாற்றமில்லை என்றுதான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. மாற்றமில்லை என்றால் நல்ல செய்திதானே, மார்க்கெட் ஏறத்தானே வேண்டும்? அறிவிப்புக்கு முதல் நாள் அரை நாள் லீவு போட்டு, ஏறும் என்று அவள் பணம் முழுவதையும் கட்டினேன். மறுநாள்தான் கெடு.

மறுநாள் கேட்டில் செக்யூரிட்டியிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். வேலை முடிந்துதான் திருப்பித் தருவார்கள். டீ நேரத்தில் கேன்டீன் டிவியில் வந்தது: வட்டியில் மாற்றமில்லை. நான் நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. சந்தோஷத்தில் தோஸ்துக்கு வடை வாங்கிக் கொடுத்தேன். அவன் வடையைக் கடிக்காமல் டிவியையே பார்த்தான்.

“இன்னாபா, கீழ எல்லாம் செவப்பா ஓடுது?”

வட்டி குறையும் என்று நம்பி மார்க்கெட் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்ததாம். குறையவில்லை என்றதும் ஏமாற்றத்தில் இறங்குகிறதாம். போதாததற்கு, விலைவாசி பற்றிய கவலை இன்னும் தீரவில்லை என்று ஒரு வரி வேறு சொல்லிவிட்டார்களாம். மிச்சத்தையாவது விற்றுவிடலாம் என்று போனை வாங்க நான் கேட்டுக்கு ஓடினேன்.

“அவுட்பாஸ் இல்லாம போன் தர முடியாதுண்ணா” என்றார் செக்யூரிட்டி.

அவுட்பாஸில் கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜர் வாணியம்பாடிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மாலையில் போன் கைக்கு வந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாகக் கேட்டாள்.

“வட்டி மாறாதுன்னு நெனச்சுத்தான கட்னீங்க. மாறலதானே?”

“மாறல.”

“அப்புறம் துட்டு எப்படிப் போச்சு?”

“எல்லாரும் கொறையும்னு எதிர்பார்த்தாங்க. கொறையலன்னதும் எறங்கிடுச்சு.”

“எல்லாரும்னா யாரு? என்னை யாரும் கேக்கலியே.”

 

மெஷினை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். அடுத்த மாதமே அவள் கம்பெனிக்குத் திரும்பினாள். கணக்கு முடித்துப் போனவள் என்பதால் புது ஆளாகத்தான் எடுத்தார்கள், புது ஆளுக்கான சம்பளத்தில். முதல் நாள் மத்தியானத்துக்கு மேல் அவள் தைத்த கட்டு என் மேஜைக்கு வந்தது. முதலில் தைத்தவை நேர்த்தியாக இருந்தன. கடைசி நான்கு ஜோடியில் தையல் கோணியிருந்தது. எந்த இடத்தில் வலி தொடங்கியது என்று விரலால் தொட்டுக் காட்ட என்னால் முடியும். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான்கிலும் குறி போட்டு அவளுக்கே திருப்பி அனுப்பினேன்.