கிள்ள விடாத நிஸ்லா டீச்சர்

நிஸ்லா டீச்சர் ஐந்தடிகூட இல்லை. ஸ்கூட்டியில் வரும்போது தலைக்கவசம் மட்டும் தனியாக ஓடி வருவதுபோல் இருக்கும். ஆனால் அவர் முசலியில் குரல் எழுப்பினால் மன்னார்த் தீவில் நிற்கிற கழுதை காதைத் தூக்கும். புத்தளத்து அகதி முகாமில் பிறந்து படித்து, உம்மாவின் ஊரான முசலிக்கே ஆசிரியையாக வந்தவர். நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்ன மீன் வியாபாரி. பள்ளிக்கூட வாசலில்தான் என் மோட்டார் சைக்கிளும் மீன்பெட்டியும் நிற்கும்.

சரிபுதீன் ஹாஜியார் மூன்று படகு வைத்திருக்கும் சம்மாட்டி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெரிய ஆள். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்று பிள்ளைகளுக்கு டொபி கொடுப்பார். டொபிக்கு முதல் கன்னத்தில் ஒரு கிள்ளு. என் மகளின் கன்னத்தில் அவர் கிள்ளிய குழிக்குள் மழைத்தண்ணீர் தேங்கும்.

அந்தக் கிழமை டீச்சர் மூன்றாம் வகுப்புக்கு உடம்பைப் பற்றிய பாடம் எடுத்தார். பிடிக்காமல் யார் தொட்டாலும் கையை நீட்டி மறுக்க வேண்டும் என்று பழக்கினார். வெள்ளிக்கிழமை ஹாஜியாரின் விரல் கிட்ட வந்ததும், இர்ஷானா என்ற சின்னவள் பொலிஸ்காரர் லொறியை மறிப்பதுபோல் கையை நீட்டினாள்.

"வேணாம் ஹாஜியார், தொடாதீங்கோ."

பின்னால் நின்ற இருபது கைகளும் நீண்டன. ஹாஜியாரின் முகம் அவித்த இறால்போல் சிவந்தது.

திங்கட்கிழமை கூட்டம் போட்டார்கள். பாதி ஊர் ஜன்னலில் தொங்கியது, நானும்தான். அதிபர் முனவ்வர் சேர் டீச்சருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதுங்கோ டீச்சர். அந்தப் பாடமும் இனி வேணாம். இல்லாட்டி உங்கள வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தச் சொல்லி ஹாஜியார் மனுக் குடுப்பாராம்."

"எழுத மாட்டன் சேர்."

"பாசத்திலதானே கிள்ளினனான். நான் என்ன கெட்டவனா?" என்றார் ஹாஜியார்.

"அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்ல ஹாஜியார். ஒண்டு கேக்கிறன். உங்கட படகு கரைக்கு வந்தா, ஏலம் முடியுமுன்னம் ஆரும் மீனத் தொடலாமா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தொட்டா கைய முறிப்பார் டீச்சர். போன மாசம் ஒரு பாரை மீனின்ட செவுளத் தூக்கிப் பாத்ததுக்கு என்னைக் கழுத்தளவு தண்ணி வரைக்கும் கலைச்சவர்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"செத்த மீனுக்கே அந்த மரியாதை இருக்கு. உயிரோட நிக்கிற பிள்ளைக்கு இல்லையா? உங்களிட்ட வேணாமெண்டு சொல்லப் பழகின பிள்ளைதான் நாளைக்கு ஒரு கெட்டவனிட்டயும் சொல்லும். மனுவ அனுப்புங்கோ. மாத்தல் வாற வரைக்கும் பாடம் நடக்கும்."

வெள்ளைத் தாளைக் கையோடு எடுத்துப் போனார். மறுநாள் அதில் இர்ஷானாவின் கையை வைத்து வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஜியார் டொபி டின்னை மதிலில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சரைப் பார்க்கவில்லை. டீச்சர் என்னிடம் சூடை மீன் நிறுக்கச் சொன்னார்.

"மனு போயிட்டுதாமே டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஓம், போயிட்டுதாம். கெதியா நிறுங்கோ. இண்டையில இருந்து நாலாம் வகுப்புக்கும் அந்தப் பாடம் எடுக்கிறன்."