கணவனுக்காக வகுப்புக்குப் போனவள்

‘கணவரைச் சார்ந்திருப்பவர். ஜெர்மன் மொழியறிவு: இல்லை.’ விசா விண்ணப்பத்தில் அவளைப் பற்றி இருந்தது இவ்வளவுதான். எழுதியது கணவன்.

அவன் லேத் பட்டறைக்காரன். ஜெர்மனியில் வேலை கிடைக்க மொழித்தேர்வு தேற வேண்டும். வகுப்புக்குப் பணம் கட்டிய மறுவாரமே பட்டறையில் ஷிப்ட் மாறியது. மாமியார் வழி சொன்னார்: “கட்டின பணம் வீணாப் போகணுமா? நீ போய்க் கேட்டுட்டு வந்து அவனுக்குச் சொல்லும்மா.”

போனாள். வருகைப்பதிவில் கணவன் பெயருக்குக் கை தூக்கினாள்.

நம் வேற்றுமை உருபுகள் சொல்லுக்குப் பின்னால் அடக்கமாக வரும். ஜெர்மன்காரர்களுடையது முன்னால் நின்று, பின்னால் வருபவரை ஆட்டிவைக்கும். டப்பா அலமாரியில் இருந்தால் நான்காம் வேற்றுமை. கொண்டுபோய் வைத்தால் இரண்டாம் வேற்றுமை. போதாக்குறைக்கு, இருப்பதைச் சொல்லும் ‘இன் டெம்’ ஒட்டிக்கொண்டு ‘இம்’ ஆகும். வைப்பதைச் சொல்லும் ‘இன் டாஸ்’ என்பது ‘இன்ஸ்’ ஆகும்.

சாப்பிடுகிற கணவன் எதிரே சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்து, “இன்ஸ் ரெகால், அலமாரிக்குள்ள” என்றாள். கையை எடுத்துவிட்டு, “இம் ரெகால்” என்றாள்.

“அதே டப்பாதானே? அதுக்கெதுக்கு ரெண்டு பேச்சு?”

“கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பேச்சு, பின்னாடி ஒரு பேச்சு நீங்க பேசலயா? அப்படித்தான்.”

மாமியாருக்குப் புரை ஏறியது.

அவன் தேறினான், போனான். மொழி தெரியாதவர் என்று அவள் விண்ணப்பம் மட்டும் திரும்பி வந்தது. ஏன் அப்படி எழுதினார் என்று போனில் கேட்டாள்.

“உள்ளதைத்தானே எழுதினேன்? நீ பரீட்சை எழுதலயே” என்றான். அதுவும் உண்மைதான், பொய்யைவிட வசதியான உண்மை. பிறகு, “உனக்குப் பாஷை தெரியாது, இங்க வந்து திண்டாடுவ” என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தான். முதலில் கேலி என்று நினைத்தாள். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான் என்பது வீடியோவில் பேசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அவனோடு தங்கியிருந்தவன், உன் மனைவி எப்போது வருகிறாள் என்று அவனிடம் ஜெர்மனில் கேட்டான். கணவன் திரும்பி, சிரித்துக்கொண்டே ஜெர்மனில் பதில் சொன்னான். சரளமாக, உருபு ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னான்.

மாமியார் பக்கத்தில்தான் இருந்தார். “என்னம்மா சொல்றான்? எப்ப கூட்டிக்கிறானாம்?”

திரையில் சிரிப்பு நின்றது. “ஒண்ணுமில்லம்மா, வேலை விஷயம்” என்றான் மகன். கண் மட்டும் மனைவி மேலேயே இருந்தது.

“கூட்டிக்க மாட்டாராம் அத்தை. நான் இல்லாமத்தான் வசதியா இருக்காம். பாஷை தெரியாதவதானே, ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்னு சொல்றார்.”

அவள் அவன் சொன்னதை, ஒரு சொல்லும் விடாமல், அவன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.