மூன்று பீப்

வீடு ஒழிக்கும்போது பழைய கம்ப்யூட்டரின் ரிப்பேர் புத்தகம் அகப்பட்டது. கம்பெனித் துண்டுத்தோலில் அம்மா போட்டிருந்த அட்டையை முகர்ந்ததும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவள் அந்தக் கம்ப்யூட்டரில் லேபிள் அடித்துக்கொண்டிருந்த, இப்போது இடித்துவிட்ட அந்த அறைக்கே போய்விட்டேன். கம்ப்யூட்டர் கிளம்பாமல் பீப் அடித்தால் அம்மா விரல் மடக்கி எண்ணுவாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது.

"மூணு அடிக்குது, புக்குல இன்னா போட்டிருக்கு, பாரு."

பள்ளி விட்டு வந்த யூனிஃபார்மோடு நான் வாசித்துச் சொல்ல, உள்ளே இருக்கும் ராம் மெமரி கார்டைக் கழற்றி, அதன் விளிம்பில் படிந்த கறுப்பை என் ரப்பரால் தேய்த்து மாட்டுவாள், உயிர் வந்துவிடும்.

போன மாதம், வேலூர் ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி நாளில், தலைமாட்டு மெஷின் விட்டுவிட்டுக் கத்தியது. அம்மா விரல் மடக்கினாள்.

"இன்னா போட்டிருக்கு, பாரு."

வெறும் உள்ளங்கையைப் புத்தகம்போல விரித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கும்மா" என்று வாசித்தேன்.