மோட்டாருக்குப் பழகிய நாய்

சிவசாமி நாற்பது வருஷமாக எங்கும் நடந்து போனதில்லை. மலாக்காவில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டினார். அதிலிருந்து இறங்கினால் மோட்டார் சைக்கிள். பக்கத்து லயத்து வீட்டில் கல்யாணச் சாப்பாடு என்றாலும் மோட்டாரை உதைத்துத்தான் கிளம்புவார். ஓய்வு பெற்று, மனைவி ராமாத்தாளோடு செலண்டாரில் தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அதே கதைதான். கோயிலுக்கும் மோட்டார், கோயிலுக்கு எதிரே இருக்கும் கடைக்கும் மோட்டார்.

நாயை உலாவக் கூட்டிப் போனதும் மோட்டாரில்தான். சிரிக்க ஒன்றுமில்லை, தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். வலது கையில் வண்டியின் முறுக்குப்பிடி, இடது கையில் நாய்க்கயிறு. மைலோ என்ற அந்தப் பழுப்பு நாய் குட்டியிலிருந்து ஆறு வருஷம் மோட்டாருக்கு இடப்பக்கம் ஓடியே வளர்ந்தது. அது முன்னே இழுத்தால் சிவசாமி இன்னும் கொஞ்சம் முறுக்குவார். நாய்க்கும் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம்.

போன வருஷக் கடைசியில் ஒருநாள் காலை, சமையற்கட்டில் வலிப்பு வந்து விழுந்தார். இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராமாத்தாள் அந்த வாரமே மோட்டாரை இருளாண்டிக்குக் கொடுத்துவிட்டாள். இருளாண்டி தோட்டத்துப் பழைய சிநேகிதர். இப்போது நியாலாஸில் ஒரு கோழிப்பண்ணைக்குக் காவல். சாவியைச் சிவசாமிதான் எடுத்துக் கொடுத்தார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அப்புறம்தான் நடை. மனிதருக்கும் பழக்கமில்லை, நாய்க்கும் பழக்கமில்லை. கேட்டைத் திறந்ததுமே மைலோ பாயும். சிவசாமி கயிற்றை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துப் பின்னால் இழுப்பார். அவர் இழுக்க இழுக்க அது இன்னும் இழுக்கும். ஒருநாள் எதிரே ஏதோ மோட்டார் வர, மைலோ ஒரே பாய்ச்சல். சிவசாமி ரோட்டோரக் கால்வாயில் கிடந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மலாக்கா டவுனில் வேலை பார்க்கும் மகன் ஹரிதாஸ் அன்றைக்கே போனில் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, இது சரிப்பட்டு வராதுலா. உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? இருளாண்டி மாமா பண்ணைக்கு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து கொண்டு போகட்டும்."

அந்தப் பண்ணை நாய்களைச் சிவசாமி பார்த்திருக்கிறார். பகல் முழுக்கச் சங்கிலி. மைலோவை அங்கே கட்டிப்போட்டால் அது சோறு தின்னாது என்று அவருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது; அதற்குள் நாயை இழுக்காமல் நடக்கப் பழக்கிவிட வேண்டும்.

மறுநாளே பஸ் ஏறி ஜாசின் போய், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி ஒன்று வாங்கி வந்தார். மாட்டிய பத்தாவது நிமிஷம் மைலோ இருமி இருமிக் கண்ணில் நீர் விட்டது. "சண்டாளன்டா நானு," என்று தன்னையே திட்டிக்கொண்டு சங்கிலியைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். இதையெல்லாம் மூன்றாம் வீட்டு ஷாமினி பார்த்துக்கொண்டிருந்தாள். மிருக கிளினிக்கில் வேலை செய்கிற பெண்.

"அங்கிள், முந்தியெல்லாம் இதக் கூட்டிக்கிட்டு எப்படி நடப்பீங்க?"

"எங்க நடந்தேன்? மோட்டார்லதான்."

"இழுத்தா என்ன செய்வீங்க?"

"ஸ்பீடு வைப்பேன்."

ஷாமினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப அது மேல என்ன தப்பு அங்கிள்? இழுத்தா வேகமாப் போகலாம்னு நீங்கதானே படிச்சுக் குடுத்திருக்கீங்க! இனிமே இழுத்தா நின்னுடுங்க. பதிலுக்கு இழுக்காதீங்க, திட்டாதீங்க, சும்மா நில்லுங்க. கயிறு தொங்கினாத்தான் நடக்கணும். பழகின பக்கமே, இடது பக்கமே விடுங்க. பக்கத்துல வந்தா ஏதாவது தின்னக் குடுங்க."

ஆறு வருஷமாக நாயைக் கெடுத்தது தான்தான் என்பது சிவசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த நாயைப் போய் எத்தனை திட்டு திட்டிவிட்டார்!

முதல் நாள், கேட்டிலிருந்து ஷாமினி வீடு வரை போக முக்கால் மணிநேரம். இழுத்தால் நின்றார். தளர்ந்தால் நடந்தார். மறுபடியும் நின்றார். "என்னா அண்ணே, பெட்ரோல் முடிஞ்சிருச்சா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேலி செய்தான். மனிதர் அசரவில்லை. காலையும் மாலையும் அதே வேலை. ராமாத்தாளுக்குத் தெரியாமல் கறிச் சட்டியிலிருந்து கோழி ஈரலை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலாம் நாள் மேசைமேல் ஒரு கிண்ணத்தில் ஈரல், உப்பில்லாமல் வேகவைத்து, துண்டு துண்டாக நறுக்கி இருந்தது. அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

இரண்டாம் வாரம் சாலை முனை வரை போனார்கள். மூன்றாம் வாரம் கடை வரை. ஆனால் மோட்டார் சத்தம் கேட்டால் மட்டும் மைலோவின் காது நிமிரும், கயிறு விறைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிதாஸ் வந்துவிட்டான். காலை எட்டு மணிக்குச் சாலை முனையில் ஒரு மோட்டார் சத்தம். சிவசாமிக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய மோட்டார்தான். அதைக் கண்டால் நாய் தானாகப் பின்னால் ஓடிவரும் என்று இருளாண்டி அதிலேயே வந்திருந்தார்.

கேட்டுக்கு வெளியே சிவசாமியோடு நின்ற மைலோவுக்கு உடம்பெல்லாம் ஆடியது. கயிறு விண்ணென்று விறைத்தது. "அப்பா, விட்டுடுங்க!" என்று ஹரிதாஸ் ஓடிவந்தான். சிவசாமி இழுக்கவில்லை, திட்டவில்லை. நின்றார். மோட்டார் பக்கத்தில் வந்து உறுமிக்கொண்டு நின்றது.

மைலோ மோட்டாரைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. மறுபடி மோட்டாரைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி வந்து, அவருடைய இடது காலோரம் உட்கார்ந்தது.

இருளாண்டி மோட்டாரை ஒருமுறை உறுமவிட்டுப் பார்த்தார்; நாய் எழுந்திருக்கவில்லை.

"இது எங்கடா நம்மகூட வரப்போவுது," என்றார் இருளாண்டி. "நான் வேற எங்கயாச்சும் பாத்துக்கிறேன், தம்பி."

ஹரிதாஸ் அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். "சரிப்பா. இருக்கட்டும்."

இருளாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு புறப்பட்டார். கயிறு தரையில் படும் அளவுக்குத் தொங்கியது. அந்த மோட்டார் முனை திரும்பி, அதன் சத்தமும் தேய்ந்து போகும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவர் சிவசாமிதான். மைலோ அவர் நடக்கட்டும் என்று காத்திருந்தது.