அப்பாவின் வான் கீச்சிட்ட காலம்

முதலில் தெரு வளையும் வைரவர் கோயில் முடக்கில் நீளமாக ஒரு ‘கீ...ச்’, பிறகு எங்கள் வேலி வாசலான ‘கடப்படி’யில் இன்னொன்று, அதன் பின்னால் சுட்ட இரும்பின் மணம்: களுவாஞ்சிக்குடியில் நாங்கள் இருந்த சின்ன வீட்டுக்கு அப்பா வந்து சேர்வது இந்த ஒழுங்கில்தான்.

அப்பா ‘ஹயர்’ வான், வாடகை வான், ஓட்டினார். கலியாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று ஆட்களை மட்டக்களப்புக்கும் வாவிக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் ஏற்றி இறக்கித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. சுனாமி அன்று கடற்கரைப் பக்கம் நின்ற வானுக்குள் சீற் வரைக்கும் உப்புத்தண்ணீர் ஏறியது. அப்பா ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பி வந்தார். இஞ்சினைக் கழற்றிக் கழுவி எப்படியோ ஓட வைத்துவிட்டாலும், முன்சக்கரங்களோடு சுழலும் ‘டிஸ்க்’ என்ற இரும்புத் தட்டுகள் துருப்பிடித்துச் சொரசொரத்துப் போனதால், அவற்றைக் கவ்வி வானை நிறுத்தும் ‘பிரேக் பேட்’டுகள் எத்தனை போட்டாலும் சீக்கிரமே தேய்ந்து கத்தத் தொடங்கின. சந்தியில் நின்ற சாரதிகள் எங்கள் வானுக்கு ‘கத்துற கிழவி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வாகனம் திருத்தும் கராச்சில் வேலை செய்பவரை எங்கள் பக்கம் ‘பாஸ்’ என்போம். அப்பாவின் பாஸ் ஒருநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணன், பேட் முடியக்குள்ள கத்துறத்துக்கெண்டே அதில ஒரு சின்னத் தகடு வச்சிருக்கு. அது டிஸ்கில உரசுற சத்தந்தான் இது. இப்ப பேட்டை மட்டும் மாத்தினாக் காணும். கத்துறது நிண்டு ‘கர கர’ எண்டு அரைக்கத் தொடங்கினா இரும்போட இரும்பு. பிறகு தட்டும் போயிரும், வானும் நிக்காது” என்றார். அப்பா அந்தக் கிழமையே புதுப் பேட்டுகள் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்று சாமிப் படத்தட்டில் பெட்டியோடு வைத்தார்.

ஆனால் அது வான் என்றாலே குலை நடுங்கிய காலம். எதிர்வீட்டு மாமாவை ஒரு ‘மம்மல்’ நேரத்தில், பொழுது சாய்ந்து இருள் சூழும்போது, நம்பர் இல்லாத வானில் வந்தவர்கள் விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் ஒடுங்கிய தெருவான ஒழுங்கையில் வான் இரைந்தால் அம்மா கறியை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு, லைற்றை அணைத்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு காது கொடுப்பா. முடக்கில் ‘கீ...ச்’ கேட்டதும் என்னைப் பிடித்திருந்த கை தளரும். “அப்பாட வான்தான் புள்ள” என்று எழுந்து லைற்றைப் போடுவா.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஜாக்கியை வெளியே எடுத்த அப்பாவிடம், பதினொரு வயதில், நான் அப்படிக் கேட்டேன். “மாத்தாதீங்க அப்பா. சத்தமில்லாட்டி நீங்கதான் வாறீங்க எண்டு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டு, “கொஞ்ச நாளைக்குக் கிடக்கட்டுமே” என்றா. அப்பா சிரித்துவிட்டு ஜாக்கியைத் திரும்ப உள்ளே போட்டார். “சரி மகள். உன்ட சத்தம் கிடக்கட்டும்.”

கொஞ்ச நாள் மாதங்களாயிற்று. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன கிழமை எங்கேயோ வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் யாரும் வெளியே வரவில்லை. அதற்குள் வானின் சத்தம் மாறி, பாஸ் சொன்ன அதே ‘கர கர’ வந்திருந்தது, நாங்கள் அதையும் காதுக்குப் பழக்கிக்கொண்டோம். “மிதிக்கக்குள்ள பிரேக் கால்ல துள்ளுது. இனி என்ன பயம், வாற ஞாயிறு மாத்துவம்” என்றார் அப்பா.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு குடும்பத்தை வாவிக்கு அந்தப் பக்கத்துப் பழுகாமத்தில் இறக்கிவிட்டுத் தனியே திரும்பும்போது, வாவியை ஒட்டிய பாதையில் மாட்டுப்பட்டி ஒன்று குறுக்கே ஏறியது. அப்பா மிதித்திருக்கிறார். வான் நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வாவிக்குள் இறங்கிவிட்டது.

அன்று மம்மல் நேரம் எங்கள் கடப்படியில் ஒரு வான் வந்து நின்றது. கீச்சும் இல்லை, கரகரப்பும் இல்லை. அம்மா லைற்றை அணைத்தா. நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தபோது, வெளியே பாஸின் உடைந்த குரல் கேட்டது.

“அக்கா, லைற்றைப் போடுங்க. அண்ணனைக் கொண்டு வந்திருக்கம்.”

இப்போது எனக்கு மட்டக்களப்பில் வேலை, சொந்தமாக ஒரு பழைய கார். பேட் பாதி தேய முன்னமே மாற்றிவிடுவேன். டிஸ்கில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்து, பள்ளத்தில் நகம் தட்டுப்பட்டால் தட்டையும் மாற்றச் சொல்வேன். இவ்வளவும் தெரிந்து என்ன, அப்பாவைத் தடுத்தது நான். “நானுந்தானே புள்ள சொன்னன்” என்று அம்மா ஒருமுறை அழுதா. அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று, வான் பழைய இரும்புக்குப் போய்விட்டது, பிரிக்காத பேட் பெட்டி மட்டும் சாமிப் படத்தட்டில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் வேலை முடிந்து ஊருக்குப் போய்ச் சேர மம்மலாகிவிடும். என் கார் சத்தமே இல்லாமல் கடப்படியில் நிற்கும். உள்ளே லைற் அணையும்.

“நான்தான் அம்மா,” என்பேன். “லைற்றைப் போடுங்க.”