சுக்கான் பிடிக்காத மணியம் அண்ணன்

மணியம் அண்ணன் போய்விட்டார்...

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். எங்கள் படகுத் தலைவர், ஸ்கிப்பர் லிம்மிடமிருந்து ஒரு வரி மெசேஜ். காலையில் மாரடைப்பாம். மீன்காரர் "வெட்டணுமா, முழுசா வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தெரியாதவர்களுக்கு... சனிக்கிழமை பாய்மரப் படகில் போகிறேன் என்று இங்கே போட்டோ போட்டு உங்கள் உயிரை வாங்குவேனே, அந்தப் படகில் எங்களோடு வந்தவர். எல்லாப் போட்டோவிலும் ஓரத்தில், ஆரஞ்சுத் தொப்பியோடு, காலை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பவர்.

படகில் அவர் வேலையே அதுதான். காற்றில் படகு ஒரு பக்கம் சாயும்போது மறுபக்க விளிம்பில் நல்ல கனமாக ஆள் உட்கார வேண்டும். எடை கூடினால் பாராட்டு கிடைக்கிற ஒரே இடம் எங்கள் படகு. "மணியம், நோ டயட் ஆ!" என்று லிம் மிரட்டுவார்.

படகைத் திருப்பும் முன் ஸ்கிப்பர் "ரெடி?" என்று கத்துவார். நாங்கள் "ரெடி!" என்றதும் படகு திரும்பும், எல்லோரும் குனிந்து மறுபக்கத்துக்குப் பாய வேண்டும். முதல் "ரெடி" எப்போதும் அண்ணனுடையது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கரையில் யாருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. நானும் அண்ணனிடம் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கரைக்குத் திரும்பும்போது, படகை ஓட்டும் சுக்கானை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடிப்போம். அதற்கு எங்களுக்குள் அடிதடியே நடக்கும். அண்ணன் மட்டும் தொடவே மாட்டார்.

"ஏண்ணே, பயமா?"

"பயம் என்ன பயம். நீ பிடி லா."

முன்பு எங்கேயாவது கொண்டுபோய் இடித்துவிட்டாரா? ஜோசியக்காரர் யாராவது எதையாவது சொல்லிவிட்டாரா? என் மண்டைக்குள் ஒரு சீரியலே ஓடியது...

அப்புறம் ஒரு நாள் ஆபீஸ் போகப் பொங்கோலில் பஸ் ஏறினேன். கார்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால், டிரைவர் சீட்டில் அண்ணன்!

"அண்ணே!" என்று கத்திவிட்டேன். டிரைவரோடு பேச வேண்டாம் என்கிற நோட்டீஸை ஒற்றை விரலால் காட்டினார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு...

முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஆங் மோ கியோ நெருங்கும்போது ஒரு பெரிய வளைவு. கண்ணாடியில் என்னைப் பார்த்து, மெல்ல, "ரெடியா?" என்றார்.

பழக்க தோஷம்! "ரெடி!" என்று கத்திவிட்டு, தலையைக் குனிந்து, எதிர்ப்பக்க சீட்டுக்குப் பாய்ந்துவிட்டேன். மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது. அங்கே இருந்த ஆன்ட்டி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணனை விடவில்லை. ஏன் சுக்கானைத் தொடுவதில்லை என்று கேட்டே விட்டேன்.

"வாரம் பூரா ஓட்டுறேன்மா. எனக்குப் பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் ஜன்னல்ல வேடிக்கை பாக்குறாங்க. நான் பாக்க முடியுமா? பாலத்து மேல போறப்ப ஓரக்கண்ணுல ஒரு படகோட பாய் தெரியும். என்னன்னு பாக்கறதுக்குள்ள பாலம் முடிஞ்சிரும். இங்கயாச்சும் வேற யாராச்சும் ஓட்டட்டும்."

அந்தப் பாயை முழுசாகப் பார்க்கத்தான் ஒரு ஆஃப் நாளில் படகுத்துறைக்கு வந்து நின்றாராம். அன்றைக்குப் பார்த்து லிம்முக்கு ஆள் குறைவு. "சும்மா உட்கார ஒரு ஆள் வேணும், முடியுமா, கேன்?" என்று ஏற்றிவிட்டாராம்.

இன்று சாயங்காலம் புக்கிட் பாஞ்சாங் போனோம். அவர் அடுக்குமாடி பிளாக்கின் கீழே, தரைத்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் உடலை வைத்திருந்தார்கள்.

அண்ணனின் மனைவியை முதல் முறையாகப் பார்க்கிறேன். வந்தவர்களிடமெல்லாம் "பஸ்ஸும் ஓட்டுனாரு, படகும் ஓட்டுனாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர்தானேம்மா படகு ஓட்டுவாரு? சனிக்கிழமை ஆனா ஓடிருவாரு. எங்களோட இருக்க வேண்டிய நாள். அங்க அப்படி என்னதான் பண்ணுவாரு?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அக்கா ஊருக்குச் சொல்வதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இல்லக்கா... அண்ணன் ஓட்ட மாட்டாரு. ஓரமா உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வருவாரு."

சொல்லிவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தேன். லிம்முக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவரும் அந்த அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேடிக்கையா? எதப் பாப்பாரு?"

"கப்பல் போனா கை காட்டுவாருக்கா. பறவை வந்தா எங்களயும் கூப்பிட்டுக் காட்டுவாரு. மேகத்தப் பாத்துட்டு மழை வரும்பாரு, பாதி நேரம் வராது."

"தூங்குவாரா?"

"ஒரு நாள்கூட தூங்கலக்கா."



"சொந்தக்காரங்க எங்க போனாலும் வேன் ஓட்ட இவரத்தான் கூப்பிடுவாங்க. பக்கத்து சீட்ல ஏறினதும் நான் தூங்கிருவேன்மா..." என்றார். அப்புறம், "நல்லா பாத்தாரா?"

"நல்லா பாத்தாருக்கா."

என் கையை விடவே இல்லை. எனக்கும் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, அங்கேயே அழுதுவிட்டேன்.

நாளைக் காலை மண்டாய் தகனச்சாலை...

வண்டி ஓட்ட வேற ஆள் இருக்காங்கண்ணே. நீங்க வேடிக்கை பாத்துக்கிட்டே போய்ட்டு வாங்க.