ஆட்டுக்குட்டிக் காதும் என் கணவரின் ஜெபமும்

ஆண்டவரை நம்பி வாழும் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், ஆம்பூரிலிருந்து மெர்சி எழுதுகிறேன். போன வருடம் மழைக்காலத்தில் என் வீட்டில் ஒரு குரல் நின்றுபோனது. அது என் கணவரின் குரல். ஆண்டவர் அதை எப்படித் திருப்பித் தந்தார் என்று சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

என் கணவர் ஜெயசீலன் ஒரு தோல் கம்பெனியில் பினிஷிங் பிரிவு மேனேஜர். மகள் வேலூர் பாகாயத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். சாயந்திரம் அவர் வந்து குளித்ததும், சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் முழங்கால் போட்டு வாய்விட்டு ஜெபிப்போம். அவர் ஜெபம் ஒரு தனி ரகம். அன்றைக்குக் கம்பெனியில் நடந்ததை எல்லாம் ஆண்டவரிடம் ஒப்பித்துவிடுவார். எந்த டிரம்மில் சாயம் தப்பியது, யாரிடம் கோபப்பட்டார், நான் கட்டிக் கொடுத்த புளிசாதத்தில் உப்பு ஜாஸ்தி, எல்லாம் வரும். என்னிடம் நேரே சொல்லத் தயங்குவதையும் ஆண்டவரிடம் சொல்கிற சாக்கில் என் காதில் போட்டுவிடுவார். எங்கள் சண்டைகள் பாதிக்கு மேல் அந்த முழங்காலில்தான் தீர்ந்திருக்கின்றன.

அவர் கம்பெனிக்கு கெமிக்கல் சப்ளை செய்யும் பெரிய மனிதர் ஒருவர் அவரை வேலூரில் ஒரு சகோதரச் சங்கத்துக்கு அழைத்துப் போனார். ஆண்கள் மட்டும் சேர்கிற சங்கம். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. அதன் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. கறுப்பு கோட் போட்டுக்கொண்டு போனவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார்.

“இன்னாங்க, எதுவும் சொல்ல மாட்டேன்றீங்க?” என்றேன்.

“சொல்லக் கூடாது மெர்சி. சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன்.”

“எங்கிட்ட கூடவா?”

“உங்கிட்ட கூடத்தான். ஆனா நல்லவங்க மா. ஏழைங்களுக்குக் கண் ஆபரேஷன் பண்ணி வைக்கிறாங்க, பிள்ளைங்களுக்கு பீஸ் கட்றாங்க. நடுவுல பைபிள் கூட வெச்சிருக்காங்க.”

பைபிள் இருந்தால் நல்லதுதானே என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து ஜெப நேரத்தில் அவர் உதடு மட்டும் அசையும். சத்தம் வராது. கடைசியில் ஒரு ஆமென். அவ்வளவுதான்.

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, எனக்கு அது தாங்க முடியவில்லை. குடித்துவிட்டு வந்தால் திட்டலாம். சண்டை போட்டால் திருப்பிப் போடலாம். பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கிற மனுஷன் எனக்குத் தெரியாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தால் என்ன செய்வது? இருபது வருஷத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவர் எங்கோ தூரமாய்ப் போய்விட்டார். பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

எங்கள் சபை ஆயரிடம் போய்க் கேட்டேன். ஒரு விசுவாசி இப்படிப்பட்ட சங்கத்தில் இருக்கலாமா, கூடாதா?

அவர் நெற்றியைத் தடவினார். “நம்ம சபையிலயே அதுல இருக்கிறவங்க இருக்காங்கம்மா. தப்பே இல்லன்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆனா நான் வந்து கேட்டா என்னைச் சமாளிக்கத்தான் பதில் சொல்வாரு. ஜெபம் பண்ணு” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஜெபித்தேன். ‘ஆண்டவரே, அந்த ரகசியம் எனக்கு வேண்டாம். அவர் உம்மிடம் சத்தமாகப் பேசினால் போதும். உப்பு ஜாஸ்தி என்று குறை சொன்னாலும் சரி.’ தினமும் இதே ஜெபம். கிறிஸ்துமஸ் நெருங்கியது. ஒன்றும் மாறவில்லை. ஆண்டவருக்கும் என் மேல் பேஜார் வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

சண்டே ஸ்கூல் நாடகம் என் பொறுப்பு. ஆட்டுக்குட்டிகளாக வரும் பொடிசுகளுக்குக் காது தைக்க வேண்டும். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் கடைக்குப் போக மாட்டோம். எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் கம்பெனி சாம்பிள் தோல் ரெண்டு துண்டு இருக்கும். எங்கள் பீரோவில் அவர் சட்டைகளுக்கு அடியில், வெள்ளை வெளேரென்று இடுப்பில் கட்டுகிற ஒரு சின்ன ஏப்ரன் கிடைத்தது. தொட்டதுமே தெரிந்தது, நயமான ஆட்டுக்குட்டித் தோல். ஏதோ எக்ஸ்போர்ட் ஆர்டர் சாம்பிள் என்று நினைத்தேன். அவர் தோல் வாங்க வந்த பையரோடு சென்னை போயிருந்தார், போனை எடுக்கவில்லை. அவர் கொண்டுவரும் சாம்பிளை நான் கேட்டா வெட்டியிருக்கிறேன்? கத்திரியை எடுத்துவிட்டேன்.

நாடகத்தன்று அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு குட்டிப் பெண் காதை இழுத்து இழுத்துக் கையோடு பிய்த்துவிட்டாள். அழப் போகிறாள் என்று பார்த்தால், நேரே மேடையிலிருந்து இறங்கி இவரிடம் போய், “அங்கிள், என் காது வந்துடுச்சு” என்று நீட்டினாள். இவர் வாங்கினார். எந்தத் தோல் கைக்கு வந்தாலும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். அப்படித்தான் திருப்பினார். பிறகு மேடையில் துள்ளிக்கொண்டிருந்த மற்றக் காதுகளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் காதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது எங்க கெடச்சுது?”

“உங்க சட்டைக்கு அடியில. சாம்பிள் தானேங்க?”

“அது சங்கத்துல எனக்குப் போட்டுவிட்டது மெர்சி.”

திட்டப் போகிறார் என்று நின்றேன். அவரோ காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். புரையேறும் வரைக்கும் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே முழங்கால் போட்டார். நானும் பக்கத்தில் போட்டேன். அப்போது சத்தம் வந்தது.

“ஆண்டவரே, பின்பக்கம் திருப்பிப் பார்க்காம நான் ஒரு தோல்கூட எடுத்தது இல்ல. அங்க இன்னாத்துக்குச் சத்தியம் பண்றேன்னு முழுசாத் தெரியறதுக்கு முன்னாடியே முட்டி போட்டுட்டேன். அவங்க ஜெபத்துல உம்ம பேரு வரும் வரும்னு காத்துனு இருந்தேன், வரல. எல்லா மதத்துக்காரங்களும் இருக்கிற எடம், அவங்களைக் குத்தம் சொல்லல. எனக்குத்தான் அந்த எடத்துல மூச்சு முட்டுச்சு. இங்க வந்து இவ பக்கத்துல ஒண்ணை மறைச்சுனு எதைப் பேசினாலும் பொய்யாத் தெரிஞ்சுது. அதான் வாயை மூடிட்டேன். மன்னிச்சுடும்.”

நான் கேட்ட குரல் அதுதான். நானும் சத்தமாக ஆமென் சொன்னேன்.

பண்டிகை முடிந்ததும் அந்தப் பெரிய மனிதரை நேரில் பார்த்து, விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். கம்பெனியில் ஏதாவது பகை வருமோ என்று எனக்கு உள்ளூர பயம். அந்த மனிதரோ காபி கொடுத்து, “அதுக்கின்னா சார், மனசுக்கு ஒப்பலன்னா வுட்டுடுங்க” என்று சொல்லியிருக்கிறார். ஏப்ரன் என்ன ஆனது என்றும் கேட்டாராம். இவர் நடந்ததைச் சொல்ல, அவரும் சிரித்துவிட்டாராம். நல்ல மனிதர். அவருக்காகவும் இப்போது ஜெபிக்கிறோம்.

அந்தச் சங்கத்தில் இருக்கும் விசுவாசிகளை நியாயம் தீர்க்க நான் யார்? எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மனைவி பக்கத்தில் முழங்கால் போட்டு ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று எங்களுக்கு வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு குரல் அடங்கிப்போயிருந்தால், குடைந்து குடைந்து கேட்காதீர்கள். பக்கத்தில் முழங்கால் போடுங்கள். என் ஜெபத்தைக் கேட்டு எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

இப்போது அவர் ஜெபம் முன்னைவிட நீளம். நேற்று சாம்பாரில் புளி கம்மி என்பதும் ஆண்டவருக்குப் போய்விட்டது. அவர் முடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது. ஆறட்டும், மறுபடி சுட வைத்துக்கொள்கிறேன்.